றோஸ்மேரி சொல்லும் சத்தங்கள்

மன்னார் ரவுணில் ராத் தங்க இடம் எங்கே என்று யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "றோஸ்மேரி வீட்டுக்குப் போங்கோ, நல்லா நித்திரை கொள்ளலாம்" என்பார்கள். பஸ் நிலையத்தில் சொல்வார்கள், அரசாங்கக் கச்சேரியில் சொல்வார்கள், பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கிற பாதர்கூடச் சொல்வார். அவள் வீட்டுக்கு ஒரு பெயர் இல்லை, பலகை இல்லை. அடுத்த வாசல் படலையில் பச்சை எழுத்தில் 'பரலோகமாதா லொட்ஜ்' என்று ஆளுயரப் பலகை தொங்குகிறது. அது என்னுடையது. அதை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "அம்மா, றோஸ்மேரி வீடு இதுக்குப் பக்கத்திலயோ?" என்று என்னிடமே வந்து கேட்பார்கள். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

என் பெயர் அன்ரோனெற். றோஸ்மேரி எனக்கு அந்நியம் இல்லை. என் கணவர் தோமஸின் தம்பி டொமினிக்கைக் கட்டி வந்தவள். மாமனார் கண்ணை மூடுமுன் வீட்டின் நடுவே மதிலை எழுப்பி, மூத்தவனுக்குப் பாதி, இளையவனுக்குப் பாதி என்று பிரித்துவிட்டார். கிணறு மட்டும் பங்குக் கிணறு. மதில் அதன் மேலால் போகிறது. இந்தப் பக்கம் நான் அள்ளினால் அந்தப் பக்கம் அவள் அள்ளுவாள். அவள் வாளி எப்போதும் நிரம்பித்தான் வரும் என்று எனக்கு ஒரு எண்ணம். தோமஸ் சிரிப்பார். சிரிக்கட்டும்.

அவள் ஓலைத்தொடுவாய் என்கிற கரையூர்க்காரி. தகப்பனுக்கு ஒரு வள்ளம் இருந்தது, அவ்வளவுதான். நான் கொன்வென்ரில் படித்தவள், ரவுணிலேயே பிறந்தவள். ஆனால் அவள் தகரப் பெட்டியோடு வந்திறங்கி முதல் நாள் வைத்த திருக்கைக் குழம்பை மாமி வாயில் வைத்தார், அன்றோடு என் சமையல் செத்தது. "இதல்லோ கை!" என்றார் மாமி. அதுவரை நான் எதை வைத்துச் சமைத்தேனாம்? அவள் சத்தம் போட்டுக் கதைக்க மாட்டாள். நான் கதைத்தால் சந்தி வரைக்கும் கேட்கும். சத்தம் போடாதவர்கள் எல்லாம் நல்லவர்கள் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதை யார் கட்டி விட்டார்களோ தெரியாது.

அவளுக்குப் பிள்ளை இல்லை. எனக்கு ஒன்றே ஒன்று, கிறகரி. தொண்ணூறாம் ஆண்டு சண்டை மறுபடி மூண்டபோது அவன் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் இருந்தான். அந்த வருஷம் ஒரு மத்தியானம் பொம்மர் விமானம் வந்து குண்டு போட்டது. கிணற்றடியில் டொமினிக்கும் கிறகரியும் நின்றார்கள். கிறகரிக்கு ஒரு கீறல்கூட இல்லை. டொமினிக்கைப் பாயில் சுற்றித்தான் கோயிலுக்குக் கொண்டுபோனோம். சேசுவே, அதைப் பற்றி நான் இதற்கு மேல் சொல்ல மாட்டேன். அடுத்த கிழமையே தோமஸ் பிள்ளையைப் படகில் ஏற்றி அக்கரைக்கு அனுப்பிவிட்டார். இந்தியாவில் கொஞ்சக் காலம் இருந்தான், பிறகு ஜேர்மனி.

றோஸ்மேரி தாய் வீட்டுக்குப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. இருந்த அறைகளை வெள்ளையடித்து வாடகைக்கு விட்டாள். இதில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: அறை வாடகைக்கு விடுகிற யோசனை முதலில் எனக்குத்தான் வந்தது. நான் பலகை எழுதக் கொடுத்திருந்தேன், அவள் அதற்குள் கட்டிலைப் போட்டுவிட்டாள்.

அந்தக் காலத்தில் மன்னாருக்கு யார் உல்லாசமாய் வருவார்கள்? கச்சேரிக்கு மாற்றலாகி வந்த உத்தியோகத்தர்கள் வந்தார்கள். ஊரைவிட்டுப் போகப் பாஸ் எடுக்கக் காத்திருந்தவர்கள், கருவாட்டு வியாபாரிகள், பிடிபட்ட பிள்ளையைத் தேடி இராணுவ முகாம் வாசலில் நிற்க வந்த தாய்மார்கள் வந்தார்கள். எல்லாருக்கும் ஒரே வருத்தம்தான், நித்திரை இல்லை. எங்கள் ஊரும் நித்திரைக்குப் பேர்போன ஊர் இல்லை. முகாமிலிருந்து பீரங்கியால் செல் அடித்தால் யன்னல் கண்ணாடி ஆடும். சோளகக் காற்று கிளம்பினால் பனை ஓலை எல்லாம் சண்டைக்கு வரும். எல்லாவற்றுக்கும் மேலே கழுதைகள். மன்னாரில் மனிதரைவிடக் கழுதைக்குச் சுதந்திரம் கூட. ஊரடங்குச் சட்டமெல்லாம் எங்களுக்குத்தான்.

மட்டக்களப்பிலிருந்து சிங்கராசா என்று ஓர் உத்தியோகத்தர் வந்தார். என் பலகையைப் பார்த்து என்னிடமே வந்தார், நல்ல மனிதர்.

"சத்தம் கித்தம் இருக்குமோ அக்கா? எனக்கு மெல்லிய நித்திரை."

"ஐயோ தம்பி, இஞ்ச பூனை நடந்தாலும் கேக்காது" என்றேன். வியாபாரம் என்றால் அப்படித்தானே சொல்லவேண்டும்?

விடிந்து தேத்தண்ணி கொண்டுபோனேன். மனிதர் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு கதிரையில் இருந்தார். கண் இரண்டும் கோவைப்பழம்.

"அக்கா, பூனை நடந்தது கேக்கேல்லைத்தான். கழுதையளுக்குக் கலியாணம் நடந்தது கேட்டது" என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே அடுத்த படலைக்குள் போனார். திரும்ப மாற்றலாகி ஊர் போகுமட்டும் அங்கேதான் இருந்தார்.

எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. கழுதை என் மதிலுக்கு ஒரு சத்தமும் அவள் மதிலுக்கு வேறு சத்தமுமா கத்துகிறது? செல் அடிக்கிறவன் அவள் யன்னலை விட்டுவிட்டு என் யன்னலை மட்டும் ஆட்டுகிறானா? ஒரே கூரை, ஒரே கிணறு. அங்கே போனவர்கள் மட்டும் செத்த பிணம்போல் உறங்கி எழும்புகிறார்கள். ஏதோ மருந்து கலக்கிறாள் என்றே நினைத்தேன். கிணற்றடியில் நின்று காதைக் கொடுத்தேன். ஒட்டுக்கேட்டேன் என்று நீங்கள் நினைத்தால் நினையுங்கள். என் கிணற்றடியில் நிற்க எனக்கு உரிமை இல்லையா?

புதிதாய் வந்த ஒருவரை விறாந்தையில் கதிரையில் இருத்தி, தேத்தண்ணியைக் கையில் கொடுத்து, எதிரே குந்திக்கொண்டு றோஸ்மேரி சொல்லத் தொடங்கினாள்.

"தம்பி, இரவைக்கு என்னென்ன கேக்குமெண்டு முதல்லயே சொல்லிப்போடுறன். படுத்த உடன கூரைத் தகரம் டிக்கு டிக்கெண்டும். பகல் சூடு ஆறுது, வேற ஒண்டுமில்லை. பிறகு ஆரோ படலையைத் தள்ளுற மாதிரி இருக்கும். ஆளில்லை, கழுதை முதுகு தேய்க்குது. அதுக்குப் பிறகு கத்தும், நல்லாக் கத்தும். கொஞ்சத்தால முகாமில இருந்து அடிப்பாங்கள். யன்னல் அதிரும். தும்மெண்டு அடிச்சு இழுத்துக்கொண்டு தூரப் போகும். அது போற சத்தம், எங்களுக்கு வாறதில்லை. அப்பிடியே கிடவுங்கோ."

இப்படியே கோயிலில் மன்றாட்டுமாலை சொல்வதுபோல் ஒவ்வொன்றாய்ச் சொல்லிக்கொண்டு போனாள். வாளியில் தண்ணீர் ததும்பியது. எனக்குப் பின்னால் தோமஸ் வேறு "அன்ரோனெற்! எங்க என்ர சேட்?" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அதனால் மிச்சத்தைக் கேட்கவில்லை. ஆனால் அவள் கடைசியில் சொன்னதைக் கேட்டேன்.

"நான் சொல்லாத சத்தம் ஏதும் கேட்டா மட்டும் எழும்பி என்ர கதவில தட்டுங்கோ. நான் முழிச்சுத்தான் இருப்பன்."

இவ்வளவுதான் அவளுடைய மருந்து! அந்த மனிதர் குறட்டை விட்டது எங்கள் பக்கம் வரைக்கும் கேட்டது. டொமினிக் போன பிறகு அவள் இராவில் கண் மூடுவதில்லை என்று ஊருக்கே தெரியும். கிடந்து கிடந்து ஒவ்வொரு சத்தத்துக்கும் காது பழகிவிட்டது. அதை எடுத்து வாடகைக்காரருக்குச் சொல்கிறாள், பேர் வாங்குகிறாள். எனக்கும்தான் இரண்டு காது இருக்கிறது.

அடுத்ததாய் என்னிடம் வந்தது ஓய்வு பெற்ற ஒரு தபாலதிபரும் மனைவியும். கதிரையில் இருத்தினேன், தேத்தண்ணி கொடுத்தேன், தொடங்கினேன்.

"இரவைக்குச் செல் அடிப்பாங்கள். பயப்படாதேங்கோ. தூரத்தான் விழுறது. கிட்ட விழுந்தா முதல்ல இந்தக் கூரைதான் வரும், அதுதான் கட்டிலுக்குக் கீழ பாய் விரிச்சு வைச்சிருக்கிறன். போன மாசம் அந்தச் சுவரில—"

தேத்தண்ணி ஆறுமுன் இரண்டு பேரும் எழும்பிவிட்டார்கள். எங்கே போனார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்தது. தோமஸ் பேப்பருக்குப் பின்னால் இருந்துகொண்டு, "நீ நித்திரைக்குச் சொன்ன மாதிரி இல்லையப்பா, செத்தவீட்டுக்குச் சொன்ன மாதிரிக் கிடந்தது" என்றார். அந்தப் பேப்பரைப் பறித்து அடுப்புக்குள் வைத்தேன்.

பிறகு பேச்சுவார்த்தை என்றார்கள், சமாதானம் என்றார்கள். செல் நின்றது, பாதை திறந்தது. கிறகரி ஜேர்மனியிலிருந்து போன் எடுத்தான்.

"அம்மா, லீவு கிடைச்சிருக்கு. வாறன்."

நான் அழுதேன், சிரித்தேன், மாதாவுக்கு நேர்த்தி வைத்தேன். பிறகுதான் அவன் அதைச் சொன்னான்.

"அம்மா, எனக்கு நித்திரை சரியில்லை. கனகாலமா. நித்திரைக் குளிசை போட்டுத்தான் படுக்கிறன். டொக்டரும் பார்த்திட்டார். ஊருக்கு வந்தா வருமோ தெரியேல்லை."

"நீ வா ராசா. அம்மா நித்திரையாக்குறன்."

போனை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். என் பிள்ளை அத்தனை வருஷமாய் உறங்கவில்லை. ஊரில் இருக்கிற கருவாட்டு வியாபாரியும் கச்சேரிக் கிளாக்கரும் பக்கத்து வீட்டில் வந்து உறங்கிப்போகிறார்கள். வருகிறவன் போகிறவனை எல்லாம் றோஸ்மேரி உறங்க வைப்பாள் என்றால், பெற்றவள் நான் பெற்ற பிள்ளையை உறங்க வைக்க மாட்டேனா? என் கூரைக்குக் கீழ் அவனை உறங்க வைக்காவிட்டால் நான் ஒரு தாயா?

ஒரு சத்தமும் இருக்கக்கூடாது என்று முடிவு செய்தேன். அவள் சத்தத்தைச் சொல்லி உறங்க வைக்கிறாள். நான் சத்தத்தையே இல்லாமல் செய்கிறேன் பார் என்று தொடங்கினேன். மணிக்கூட்டை நிறுத்தினேன். தோமஸின் றேடியோவை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். கிணற்றுக் கப்பிக்குத் தேங்காய் எண்ணெய் பூசினேன். கூவுகிற சேவல் பிள்ளை வந்த அன்று மத்தியானம் கறியானது. கழுதை வருகிற ஒழுங்கையில் உடை முள்ளை வெட்டிக் குவித்தேன். பாண்காரனைப் பிடித்து, "எங்கட வாசலில ஹோர்ன் அடிச்சா உன்ர சைக்கிள் கிணத்துக்குள்ள" என்றேன். தோமஸுக்கு இருமல் வந்தால் விழுங்கச் சொன்னேன்.

"இருமலை எப்பிடியப்பா விழுங்குறது?"

"பிள்ளைக்காக விழுங்கப்பா!"

நானும் விட்டுக்கொடுத்தேன். விடியப்புறம் எழும்பி முற்றம் கூட்டாத நாள் என் வாழ்க்கையில் இல்லை. காய்ச்சலிலும் கூட்டியிருக்கிறேன், செல் விழுந்த மறுநாளும் கூட்டியிருக்கிறேன். கூட்டும்போது என் வாய் சும்மா இராது. இலையைத் திட்டுவேன், காகத்தைத் திட்டுவேன், தோமஸின் வம்சத்தைத் திட்டுவேன். அந்த விளக்குமாறையும் கொண்டுபோய்க் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். முற்றத்தில் வேப்பஞ்சருகு குவிந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு உடம்பெல்லாம் அரித்தது. பிள்ளைக்காகப் பொறுத்தேன்.

கிறகரி வந்தான். தலையில் பாதி மயிர் இல்லை, கண்ணைச் சுற்றிக் கருவளையம். சின்னம்மாவைப் பார்க்க அடுத்த வீட்டுக்கும் போனான். போகட்டும், மரியாதை. இராச் சாப்பாடு கொடுத்து, வெள்ளைத் துணி விரித்த கட்டிலில் படுக்க வைத்தேன். வீடு கல்லறைபோல் கிடந்தது. எனக்கே பெருமையாய் இருந்தது.

விடிந்து, "நித்திரை வந்ததே ராசா?" என்றேன்.

"ஓம் அம்மா" என்றான். பொய் என்று முகத்திலேயே தெரிந்தது.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தேன். சுவரில் முதுகை வைத்து நிலத்தில் இருந்தான். காலில் சப்பாத்துப் போட்டு, கயிறும் கட்டியிருந்தது. எங்கேயோ ஓடப் புறப்பட்டவன்போல் இருந்தான். இன்னும் ஏதோ ஒரு சத்தம் மிச்சம் இருக்கிறது என்று நினைத்து, சுவர்ப் பல்லியைக்கூட அடித்துத் துரத்தினேன்.

அடுத்த நாள் விடியும்போது கட்டில் வெறுமையாய்க் கிடந்தது. தலையணையும் இல்லை.

"எங்கயப்பா பிள்ளை?"

தோமஸ் கூரையைப் பார்த்தார். "இரவு றோஸ்மேரி வீட்டுக்குப் போயிட்டான். உன்னை எழுப்ப வேண்டாமெண்டான்."

சேசு மரி சூசை! நான் பெற்ற பிள்ளை, என் வீட்டுத் தலையணையையும் தூக்கிக்கொண்டு, அவள் வீட்டில் போய்ப் படுத்திருக்கிறான்! மற்றவர்கள் போனார்கள், போகட்டும் என்றிருந்தேன். மாமியின் நாக்கு அவள் பக்கம் போனது, வந்த வாடகைக்காரர் போனார்கள், ஊர் வாயெல்லாம் போனது. இதுவுமா? எதையாவது அடித்து உடைக்கவேண்டும் போல் இருந்தது. கோழிக்கூட்டுக்குப் பின்னால் கிடந்த விளக்குமாறை எடுத்தேன். முற்றத்தைக் கூட்டினேன். கூட்டினேனா, முற்றத்தை அடித்தேனா என்று தெரியாது. மதில் ஓரமாய்ப் போய், அவளுக்குக் கேட்கட்டும் என்றே, வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். மாமனாரையும் விடவில்லை, மதில் கட்டிய மேசனையும் விடவில்லை. என் பிள்ளையையும் திட்டினேன். "பத்து மாசம் சுமந்தது நான், படுக்கிறது அங்கயோ?" என்று கத்தினேன்.

வெயில் ஏறிய பிறகு படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். றோஸ்மேரி விறாந்தையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். வாயில் விரலை வைத்தாள்.

"அக்கா, மெல்ல. பிள்ளை நித்திரை."

எனக்கு! என்னிடம்! என் பிள்ளை நித்திரை என்று அவள் சொல்கிறாள்! வாயைத் திறந்தேன். அப்போது யன்னலுக்குள்ளே பார்த்தேன். மதில் ஓரத்து அறையில், வாயைத் திறந்துகொண்டு, கை ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் போட்டுக் கிடந்தான். சின்ன வயதில் எப்படிக் கிடப்பானோ அப்படியே. யன்னலுக்கு வெளியே ஒரு கழுதை வேறு நின்று கத்தியது. அவன் அசையவில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தேன். வந்து அழுதேன். சந்தோஷமா எரிச்சலா என்று தோமஸ் கேட்டார். இரண்டும்தான், ஆனால் எரிச்சல்தான் கூட.

அதற்குப் பிறகு சாப்பாடு என் வீட்டில், நித்திரை அவள் வீட்டில் என்று ஆனது. மத்தியானம் இலையில் சோற்றைப் போட்டுவிட்டுக் கேட்டேன்.

"அவள் என்ன தாலாட்டே பாடுறாள்?"

"இல்லையம்மா."

"இஞ்ச என்ன குறை உனக்கு? ஒரு சத்தம் இருக்கோ?"

"அதுதானம்மா" என்றான். குழம்பை இன்னும் கொஞ்சம் விடச் சொன்னான். அதுவரை எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் ஏதோ சொல்லிக் கொடுத்திருக்கிறாள் என்றே நம்பினேன். ஒவ்வொரு நாளும் விடியப்புறம் எழும்பி, மதில் ஓரத்தைக் கூட்டி, அவளைக் கண்டபாட்டுக்குத் திட்டினேன். கண்ணயரக்கூட விடக்கூடாது அவளை!

ஒரு நாள் பின்னேரம் பொறுக்க முடியாமல், இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று சேலையைச் சொருகிக்கொண்டு போனேன். விறாந்தையில் புதிய ஆள் ஒன்று இருந்தது. ஸுஹறா என்று ஒரு பெண். தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லாரையும் இங்கிருந்து துரத்தியபோது புத்தளத்துக்குப் போன குடும்பம். இப்போது தங்கள் வீட்டு நிலம் எப்படிக் கிடக்கிறது என்று பார்க்க வந்திருந்தாள். றோஸ்மேரி எதிரே குந்திக்கொண்டு தன் மன்றாட்டுமாலையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் என் மகன் தேத்தண்ணிக் கோப்பையோடு. மூன்று பேரும் நான் வந்ததைக் காணவில்லை.

"பள்ளிவாசல் வாங்கு கேக்குமோ?" என்றாள் ஸுஹறா.

"இப்ப திரும்பவும் கேக்குது பிள்ளை. அது விடியப்புறம். அதுக்குப் பிறகு ஒண்டு கேக்கும், அதையும் சொல்லிப்போடுறன். மதிலுக்கு அங்கால சரக்குச் சரக்கெண்டு ஈர்க்கு விளக்குமாறு. ஒரு மனிசி பெரிசாத் திட்டிக்கொண்டு கூட்டும். சண்டையெண்டு நினைச்சு எழும்பிப்போடாதேங்கோ. அது எங்கட அக்கா. சண்டைக் காலத்திலயும் வாறவைக்கெல்லாம் இதைத்தான் கடைசியாச் சொல்லுறனான். அக்கா கூட்டத் தொடங்கினா அண்டைய ராத்திரி முடிஞ்சுது, இனி ஒண்டும் வராது. பயமில்லாமல் உறங்குங்கோ எண்டு."

நான் அன்று கேட்காமல் விட்ட மிச்சம் இதுதான்! கழுதைக்கும் பாண்காரனுக்கும் நடுவில் என்னையும் ஒரு சத்தமாய் வைத்து இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறாள்!

"அடியேய்!" என்றேன். மூன்று பேரும் துள்ளித் திரும்பினார்கள். "நான் என்ன கழுதையோடி?"

கிறகரி எழும்பி வந்து என் கையைப் பிடித்தான். சிரித்தான். வந்த நாளிலிருந்து அவன் சிரித்து நான் பார்க்கவில்லை.

"அம்மா, சின்னம்மாவைப் பேசாதேங்கோ. முதல் நாள் இஞ்ச வந்தும் நான் நித்திரை கொள்ளேல்லை. சின்னம்மா சொன்ன எல்லாச் சத்தமும் வந்துது. கடைசிச் சத்தம் மட்டும் மிச்சம். அதுக்காகக் காத்துக்கொண்டு கிடந்தன். நீங்கள் கூட்டத் தொடங்கினீங்கள். என்னைத்தான் திட்டினீங்கள். கொஞ்சம் கேட்டன், பிறகு ஒண்டும் தெரியாது."

"அப்ப என்ர வீட்டில ஏன் வரேல்லை?"

அவன் கிணற்றடியைப் பார்த்தான். "அங்க ஒரு சத்தமும் இல்லையம்மா. அண்டைக்கும் இப்பிடித்தானே இருந்தது. காகம் இல்லை, கழுதை இல்லை, ஒண்டும் இல்லை. 'என்னடா ஒரு சத்தத்தையும் காணேல்லை' எண்டு சித்தப்பா மேல பார்த்தார். அவ்வளவுதான். எல்லாம் அடங்கினா எனக்கு அது வருது. எழும்பிச் சப்பாத்துப் போட்டிடுவன்."

றோஸ்மேரி தலையைக் குனிந்துகொண்டு கோப்பைகளை எடுத்தாள். அவளுக்கு அது முன்பே தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. என் பிள்ளை அதை என்னிடம் சொல்லுமுன் அவளிடம் சொல்லியிருக்கிறான். அந்த இடத்திலும் எனக்கு எரிந்தது, மறைப்பானேன்? பிறகு நான் கொன்று குழம்பு வைத்த சேவலை நினைத்தேன், தோமஸ் விழுங்கிய இருமலை நினைத்தேன். பெற்ற பிள்ளைக்கு நானே பொம்மர் வருகிற மத்தியானத்தைக் கட்டிலில் விரித்துக் கொடுத்திருக்கிறேன்.

"இனி வீட்டுக்கு வா. நான் சத்தம் போடுறன், எவ்வளவு வேணுமோ அவ்வளவு போடுறன்" என்றேன்.

வந்தான். அன்று மணிக்கூட்டை ஓட விட்டேன், றேடியோவைத் தோமஸிடம் கொடுத்தேன், முள்ளை இழுத்து எறிந்தேன். எல்லாம் செய்தும் என்ன? அவன் படுத்ததும் அவனுக்கு மூச்சுச் சீராய் வருகிறதா என்று கேட்க, என்னை அறியாமல் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். தோமஸையும் அசையவிடவில்லை. காலையில் கூட்டப் போனபோதும் பிள்ளை உறங்குகிறானே என்று மெல்லமாய்த்தான் கை போனது, வாய் திறக்கவில்லை. தாய்க் குணம், என்ன செய்வது? அவன் தலையணையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து என் நெற்றியில் முத்தம் கொடுத்தான்.

"உங்களுக்கு ஏலாதம்மா. நான் பக்கத்தில இருந்தா நீங்கள் கத்தமாட்டீங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.

அவன் லீவு முடியும்வரை அந்த மதில் ஓரத்தில் ஒரு சருகு கிடந்ததில்லை. கூட்டிய இடத்தையே திரும்பக் கூட்டினேன். திட்ட ஆள் கிடைக்காதபோது பரலோகமாதா பலகையைத் திட்டினேன். மதிலுக்கு அந்தப் பக்கம் அவன் குறட்டை கேட்கும்வரை ஓயவில்லை. குளிசைப் போத்தலை மூடி திறக்காமலே திருப்பிக் கொண்டுபோனான். போகும்போது சின்னம்மாவைக் கட்டிப் பிடித்து, "என்னை நித்திரையாக்கினது நீங்கள்தான்" என்றான். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

இப்போதும் அவள் வீட்டில் அறைகள் நிரம்பித்தான் இருக்கின்றன. புதிதாய் வருகிறவர்களை இருத்தித் தேத்தண்ணி கொடுத்து, கடைசியில் என்னைச் சொல்கிறாள். நானும் விடியப்புறம் எழும்பித்தான் கூட்டுகிறேன். என் பிள்ளை கிடந்த அந்த அறையில் யாரோ ஒருவர் அதைக் கேட்டுப் பயமில்லாமல் புரண்டு படுக்கிறார். பேர் றோஸ்மேரிக்கு. இடுப்பு நோவு எனக்கு.